மூலவர் வரமாட்டார்: 28 வெர்மீர் ஓவியங்கள் ஓரிடம் சேர்ந்த கதை

"அக்கா, இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் டிக்கெட்கூட எடுத்துரலாம். இது நடக்காது." 2023 பிப்ரவரியில், நெதர்லாந்தின் ஐந்தோவனில் வேலை பார்க்கும் என் தம்பி போனில் சொன்னான். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த, பழைய டச்சு ஓவியர் வெர்மீரின் கண்காட்சியைப் பற்றிய பேச்சு. பிப்ரவரி 10 முதல் ஜூன் 4 வரை. திறந்த சில நாட்களிலேயே நாலரை லட்சம் டிக்கெட்டும் தீர்ந்தன. பிறகு இரவிலும் கதவைத் திறந்துவைத்துக் கூடுதல் டிக்கெட் விட்டார்கள், அவையும் தீர்ந்தன. முடியும்போது கணக்கு 6,50,000 பேர். அந்த மியூசியத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு கூட்டம் எந்தக் கண்காட்சிக்கும் வந்ததில்லை.

சுவரில் இருந்தவை மொத்தமே 28 படங்கள்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து ஓவியப் போட்டியில்கூட இதைவிட அதிகமாக ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலானவை அளவிலும் சின்னவை. பாரிஸின் லூவ்ர் மியூசியத்திலிருந்து வந்த 'லேஸ் பின்னும் பெண்' 24.5 சென்டிமீட்டர் உயரம், 21 சென்டிமீட்டர் அகலம். ஏ4 தாளைவிடச் சின்னது. இந்த 28-ஐப் பார்க்கத்தான் 113 நாடுகளிலிருந்து ஆட்கள் போனார்கள். பத்து அறைகளில் 28-ஐயும் தாராளமாக இடம்விட்டு மாட்டி, கனத்த வெல்வெட் திரைகளைத் தொங்கவிட்டு, படத்துக்கு முன்னால் அரைவட்டமாகக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். தரிசன வரிசை மாதிரிதான்.

யோஹான்னஸ் வெர்மீர் டெல்ஃப்ட் நகரத்துக்காரர். 1632-ல் பிறந்து 1675 டிசம்பரில் 43 வயதில் இறந்தார். இன்றைக்கு அவர் கைப்பட்டவை என்று ஏற்கப்படும் ஓவியங்கள் சுமார் 37. அந்த எண்ணிலும் சண்டை உண்டு. 34 என்பாரும் இருக்கிறார்கள். இந்தக் கண்காட்சிக்குச் சில மாதங்கள் முன்பு, 2022 அக்டோபரில், வாஷிங்டனின் நேஷனல் கேலரி தன்னிடமிருந்த 'குழலோடு ஒரு பெண்' வெர்மீர் வரைந்தது அல்ல, அவரோடு இருந்த வேறு யாரோ வரைந்தது என்று அறிவித்துவிட்டது. அதே படத்தை இரவல் வாங்கிய ஆம்ஸ்டர்டாம், வெர்மீர் என்றே பெயர் போட்டு மாட்டியது. சொந்தக்காரர் இல்லை என்கிறார், இரவல் வாங்கியவர் ஆமாம் என்கிறார்.

ஏன் இவ்வளவு குறைவு? மெதுவாக வரைந்தார் என்பது ஒன்று. அப்பாவைப் போலவே படங்களை வாங்கி விற்கும் தொழிலும் செய்தார் என்பது இன்னொன்று. இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, வாங்குவதற்கு ஒரே வீட்டில் ஆள் இருந்ததுதான். டெல்ஃப்டிலேயே வசித்த பீட்டர் ஃபான் ராய்வன், அவர் மனைவி மரியா டி க்னாய்ட் என்ற பணக்காரத் தம்பதி வெர்மீர் படங்களில் பாதியளவுக்குத் தங்களிடமே வைத்திருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இவர்களில் முக்கியமான புரவலர் அந்த அம்மாள்தான் என்பது 2023 கண்காட்சியை ஒட்டி முன்வைக்கப்பட்ட வாதம். அவர்களுடைய மருமகனின் சேகரிப்பு 1696-ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தபோது அதில் 21 வெர்மீர்கள் இருந்தன. 'பால் ஊற்றும் பெண்' 175 கில்டருக்குப் (அன்றைய டச்சு நாணயம்) போனது, 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' 200 கில்டருக்கு.

அதாவது இந்தப் படங்கள் ஊர் பார்ப்பதற்காக வரையப்பட்டவை அல்ல. ஒரு வீட்டுச் சுவரில் மாட்டி, அந்த வீட்டு ஆட்கள் பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்காக வரையப்பட்டவை. ஆறரை லட்சம் பேர் என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

ஒரு ஓவியர் உலகப்புகழ் பெற்றவர் என்றால் அவர் படங்களைத் திரட்டி மாட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டமே அந்தப் புகழில்தான். 37 படங்களும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று சிதறிக் கிடக்கின்றன. வெர்மீர் வைத்திருக்கும் மியூசியத்துக்கு அதுதான் கருவறை. அதைப் பார்க்கத்தான் ஊருக்கு வருகிறார்கள். கழற்றி அனுப்பினால் மூன்று நான்கு மாதம் வருபவர்களுக்கு வெறும் சுவரைத்தான் காட்ட வேண்டும். ஆகவே இரவல் என்பது பெரும்பாலும் பண்டமாற்று. இன்றைக்கு நீ தா, நாளைக்கு நான் தருகிறேன்.

பயணமும் லேசுப்பட்டதல்ல. ஈரப்பதமும் வெப்பமும் மாறாமல் வைத்திருக்கும் பெட்டி, பெட்டியோடு கூடவே போகும் மியூசியத்து ஆள், போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஊர்க் காற்றுக்குப் பழகட்டும் என்று திறக்காமல் ஒரு நாள் காத்திருத்தல், புறப்படும்போதும் இறங்கும்போதும் விரிசல் விரிசலாகக் குறித்த நிலைச் சான்று. பல நாடுகளில் காப்பீட்டுப் பொறுப்பை அரசே ஏற்கிறது. தனியார் பிரீமியம் கட்டுப்படியாகாது.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு 1971-ஐ நினைவூட்ட வேண்டும். ரைக்ஸ்மியூசியத்துக்குச் சொந்தமான 'காதல் கடிதம்' அந்த வருடம் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சி ஒன்றுக்கு இரவல் போயிருந்தது. செப்டம்பரில் ஓர் இரவு, உள்ளேயே ஒளிந்திருந்த 21 வயது ஓட்டல் பணியாள் ஒருவன் படத்தைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றினான். சன்னல் வழியாக அது போகவில்லை. உருளைக்கிழங்குத் தோல் சீவும் கத்தியால் துணியை விளிம்போடு அறுத்து, மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு பேரம் பேசினான்: 20 கோடி பெல்ஜிய பிராங்க் வேண்டும், தனக்கு அல்ல, கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவுக்கு ஓடிவந்துகொண்டிருந்த அகதிகளுக்கு. அந்த வருடம் வங்காள எல்லை முகாம்களில் என்ன நடந்தது என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். திருடனுக்கு ஆதரவாகச் சுவரில் எழுதும் அளவுக்குப் பெல்ஜியத்தில் அனுதாபமும் இருந்தது. அக்டோபரில் பிடிபட்டான். படம் கிடைத்தது, ஆனால் ஓரங்கள் கிழிந்து, வண்ணம் உதிர்ந்து. திருத்திச் சேர்க்க வெகு காலம் ஆனது. 2023-ல் 28 படங்களில் ஒன்றாக அதுவும் தொங்கியது. டப்ளினிலிருந்து வந்த 'பணிப்பெண்ணோடு கடிதம் எழுதும் சீமாட்டி'யோ 1974-லும் 1986-லும் இரண்டு முறை களவு போய்த் திரும்பியது.

இரவலில் எப்போதும் இரண்டு சாதி உண்டு. நம் கோயில்களில் மூலவர், உற்சவர் என்று பிரித்து வைத்திருப்பதைப் போல. உற்சவர் வீதியுலா வருவார், பக்கத்து ஊருக்கும் போவார். மூலவரைப் பார்க்க நாம்தான் போக வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் 'உறங்கும் பணிப்பெண்' மூலவர்: 1913-ல் இறந்த பெஞ்சமின் ஆல்ட்மன் எழுதிவைத்த உயிலில் வந்தது, அதன் நிபந்தனைப்படி வெளியே போகாது. வியன்னாவின் 'ஓவியக் கலை' பயணம் தாங்காது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். லண்டன் கென்வுட் இல்லத்தின் 'கிதார் வாசிக்கும் பெண்' பின்னால் வேறு துணி ஒட்டிப் பலப்படுத்தாமல் முதலில் இழுத்துக் கட்டிய அதே துணியில் இன்னும் இருக்கிறது. அதைப் போன்ற ஒன்றை யாரும் அசைக்க மாட்டார்கள்.

பாஸ்டனில் கார்ட்னர் மியூசியத்திலிருந்த 'இசைக் கச்சேரி' 1990 மார்ச் 18 அதிகாலை, போலீஸ் உடையில் வந்த இருவர் கொண்டுபோன 13 பொருட்களில் ஒன்று. இன்றுவரை கிடைக்கவில்லை. எதையும் இடம் மாற்றக்கூடாது என்று அந்த மியூசியத்தை நிறுவிய அம்மாள் எழுதிவைத்திருப்பதால், அது இருந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பவில்லை.

அப்புறம் எப்படி 28 வந்தது? இதற்கு முந்தைய பெரிய வெர்மீர் கண்காட்சி 1995-96-ல் வாஷிங்டனிலும் ஹேக்கிலும் நடந்தது. அப்போதே இருபது சொச்சம்தான் சேர்ந்தன. இந்த முறை அதிர்ஷ்டம் நியூயார்க்கின் ஃபிரிக் மாளிகை என்ற மியூசியத்தின் ரூபத்தில் வந்தது. அங்கே மூன்று வெர்மீர்கள். நிறுவியவர் வாங்கி வைத்தவை என்பதால் வழக்கமாக வெளியே விடமாட்டார்கள். ஆனால் மாளிகையைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பெட்டி படுக்கையைச் சித்தி வீட்டில் போடுவோமே, அந்தக் கணக்கில் மூன்றும் முதல்முறையாகச் சேர்ந்து நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டன. பழுதுபார்க்கும் வேலை வேறு வருடத்தில் வந்திருந்தால் ஆம்ஸ்டர்டாமின் எண்ணிக்கை 25-லேயே நின்றிருக்கும்.

'முத்துத் தோடு அணிந்த பெண்'கூட முழுசாக இருக்கவில்லை. ஹேக்கின் மௌரிட்ஸ்ஹாய்ஸ் மியூசியம் மார்ச் இறுதி வரைதான் தந்தது. ஒரு மணி நேர ரயில் தூரத்துக்கு இவ்வளவு கறார். கடைசி இரண்டு மாதங்களில் டிக்கெட் வாங்கியவர்கள் அவளைப் பார்க்க ரயிலேற வேண்டியிருந்தது. அவள் ஊரில் இல்லாத நாட்களில் மௌரிட்ஸ்ஹாய்ஸ் ரசிகர்கள் செய்தனுப்பிய நகல்களைக் காட்டியது. அதில் செயற்கை நுண்ணறிவு செய்த ஒன்றும் இடம்பெற, ஓவியர்கள் கொதித்துப் போனார்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஓரிடத்தில் சேர்ப்பதால் என்ன கிடைக்கிறது? தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத ஒன்று தெரிகிறது. வெர்மீர் வீட்டு அலமாரி. வெள்ளை மென்மயிர் விளிம்பு வைத்த மஞ்சள் பட்டு மேல்சட்டை ஒன்று ஆறு படங்களில் வருகிறது. ஒன்றில் கடிதம் எழுதுகிறவள் போட்டிருக்கிறாள், ஒன்றில் முத்துமாலையைக் கழுத்தில் கட்டிப் பார்ப்பவள், ஒன்றில் பணிப்பெண் நீட்டும் கடிதத்தைக் கண்டு திடுக்கிட்டவள். அவர் இறந்த பிறகு 1676-ல் வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்த பட்டியலில் அந்தச் சட்டை இருக்கிறது: வெள்ளை மயிர் விளிம்புள்ள மஞ்சள் சாட்டின் மேலங்கி. ஆக, யார் வந்து மாடலாக நின்றாலும் பீரோவில் இருந்த அதே சட்டையைத்தான் மாட்டிவிட்டிருக்கிறார். சிங்கமுகக் குமிழ் வைத்த நாற்காலிகளும் அப்படித்தான், படத்துக்குப் படம் வருகின்றன. இடப்பக்கத்துச் சன்னலும்தான். பதினொரு குழந்தைகள் ஓடித்திரிந்த மாமியார் வீட்டில் அவர் வரைந்தது ஆளரவமற்ற அறைகளை. இருபது முப்பது படங்களை அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் இது உறைக்கும் என்று கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். நான் கண்காட்சிப் புத்தகத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு பயன் சோதனைக்கூடத்தில் நடக்கிறது. பெரிய கண்காட்சி என்றால் படங்களை ஸ்கேனரில் வைக்க ஒரு சாக்கு. 'பால் ஊற்றும் பெண்'ணின் வெற்றுச் சுவருக்குக் கீழே, அவள் தலைக்குப் பின்னால், முதலில் கூசாக்கள் தொங்கும் ஒரு பலகை இருந்தது என்று 2022-ல் கண்டுபிடித்தார்கள். கீழே வலப்பக்கம் ஒரு கணப்புக் கூடையும் இருந்திருக்கிறது. இரண்டையும் வெர்மீரே பூசி மறைத்துவிட்டார். அப்படி எடுத்தெடுத்துத்தான் அந்தச் சுவர் அத்தனை அமைதியாகியிருக்கிறது.

டிரெஸ்டனிலிருந்து வந்த 'திறந்த சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்'ணில் நடந்தது இதற்கு நேர் எதிர். அவளுக்குப் பின்னாலும் வெற்றுச் சுவர்தான். அதற்குள் ஒரு மன்மதன் படம் ஒளிந்திருப்பது 1979-லேயே எக்ஸ்ரேயில் தெரியும். வெர்மீரே அழித்திருப்பார் என்று நினைத்திருந்தார்கள். மேல்பூச்சுக்கும் பழைய வார்னிஷுக்கும் நடுவே அழுக்குப் படிந்திருப்பதைச் சோதனை காட்டியது. அழுக்குச் சேர வேண்டுமென்றால் வெகு வருடங்கள் போயிருக்க வேண்டும்; அப்படியென்றால் மறைத்தவர் வெர்மீர் இல்லை. எனவே துளித்துளியாகச் சுரண்டியெடுத்து 2021-ல் மன்மதனை வெளியே கொண்டுவந்தார்கள். அவர் மறைத்ததை மறைவிலேயே விட்டார்கள். பிறர் மறைத்ததைத் திறந்தார்கள். நியாயமான நியாயம்தான். ஆனாலும் இருநூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் நேசித்த அந்த வெறும் சுவருக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கண்காட்சி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு, 2024 அக்டோபரில்தான் என்னால் போக முடிந்தது. எல்லா உற்சவர்களும் அவரவர் ஊர் திரும்பியிருந்தார்கள். ரைக்ஸ்மியூசியத்துக்குச் சொந்தமான நான்கு வெர்மீர்கள் தங்கள் வழக்கமான இடத்தில், இரண்டாம் மாடியின் நெடுங்கூடத்தில். அந்தக் கூடத்தின் கோடியில் ரெம்பிராண்டின் பிரம்மாண்டமான 'இரவுக் காவல்' இருப்பதால் கூட்டம் அந்தப் பக்கமே போகும். தம்பி 'பால் ஊற்றும் பெண்'ணைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "என்னக்கா, இத்தனூண்டா இருக்கு?"

45.5க்கு 41 சென்டிமீட்டர். நம் வீட்டுச் சாமி படம் அளவு. அதுதான் சரியான அளவு என்பது கிட்டப் போனால் புரிகிறது. சுவரில் மேலே ஓர் ஆணி. அதற்கு ஒரு துளி நிழல். சுற்றிலும், முன்பு ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டைகள். ஓட்டைகளையும் வரைந்திருக்கிறார். சன்னலில் ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது. அவள் சட்டைக்கையை மடித்துச் சுருட்டியிருக்கிறாள்: முழங்கைக்கு மேலே வெளுப்பு, கீழே வெயிலிலும் தண்ணீரிலும் அடிபட்ட செம்பழுப்பு. மேசைமேல் ரொட்டி, கோதுமை மணிமணியாக ஒளிப் புள்ளிகள். பால் நூலாக விழுகிறது, படத்தில் அசைவது அது ஒன்றுதான். இடுப்பில் கட்டியிருக்கும் துணியின் நீலம், ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டியெடுக்கும் நீலக்கல்லை அரைத்தது. அன்றைக்கு வண்ணங்களிலேயே அதிக விலை போனவற்றில் ஒன்று. சீமாட்டியின் பட்டுக்குப் போடவேண்டியதை அடுப்படிக்காரியின் துணிக்குப் போட்டிருக்கிறார்.

தம்பி ஆணி ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சென்னையில் வாடகைக்கு இருந்த காலத்தில் காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கு அட்வான்ஸில் பிடித்துக்கொண்ட வீட்டுக்காரரை நினைத்திருப்பான். பத்து நிமிடம் அந்த இடத்தில் எங்களை யாரும் நகரச் சொல்லவில்லை. 2023-ல் இந்தப் பத்து நிமிடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆய்வாளருக்கு 28 வேண்டும். அவருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் தொழில். எனக்கு இந்த ஒன்று போதுமாக இருந்தது. டிக்கெட் கிடைக்காத நரிக்கு இந்தப் பழம் புளிக்கத்தானே செய்யும் என்றால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ரொட்டியை இவ்வளவு அழகாக வரைந்தவர் ரொட்டிக் கடையில் கடன் வைத்துச் செத்தார். 1672-ல் பிரெஞ்சுப் படை நுழைந்ததும் நாட்டில் ஓவிய வியாபாரம் படுத்துவிட்டது. குழந்தைகளின் பாரம் தாங்காமல் நொடித்துப்போய், ஒன்றரை நாளில் நல்ல உடம்பாக இருந்தவர் பிணமானார் என்று மனைவி கத்தரீனா பின்னாளில் மனுவில் எழுதினார். ரொட்டிக்காரர் ஃபான் பாய்டனுக்கு இருந்த பாக்கி 617 கில்டர். அதற்கு ஈடாக இரண்டு ஓவியங்கள் அவர் கைக்குப் போயின. அதன் பிறகு ஏறக்குறைய இருநூறு வருடம் வெர்மீர் பெயரைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை. 1866-ல் தேயோஃபில் தோரே என்ற பிரெஞ்சு விமர்சகர் எழுதித்தான் மறுபடி வெளிச்சம் வந்தது. அதற்குப் பின்னும், 1881-ல், முத்துத் தோட்டுக்காரி ஹேக் ஏலத்தில் போன விலை இரண்டு கில்டர், 30 சென்ட்.

மறுநாள் டெல்ஃப்டுக்குப் போனோம். ஊரெங்கும் அவர் முகமில்லாத புகழ்: காந்தம், குடை, தேநீர்க் கோப்பை, எல்லாவற்றிலும் முத்துத் தோடு. ஆனால் அவர் பிறந்து, வரைந்து, புதைக்கப்பட்ட அந்த ஊரில் அவர் ஓவியம் அசலாக ஒன்றுகூட இல்லை. பழைய தேவாலயத்தில் பெயர் பொறித்த கல் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பார்க்க விரும்பியது ஃப்ளாமிங்ஸ்ட்ராட் தெருவில் 40, 42 எண் வீடுகளை. ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் 'சின்னத் தெரு' எந்த இடம் என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. கால்வாய்க் கரைக்கு வீட்டுக்காரர்கள் கட்டிய வரிக்காக ஒவ்வொரு வீட்டின் அகலத்தையும் அளந்து எழுதிய 1667-ம் வருடப் பேரேட்டை வைத்து 2015-ல் ஓர் ஆய்வாளர் இந்த இடத்தைச் சொன்னார். வலப்பக்க வீடு வெர்மீரின் அத்தையுடையது. கணவனை இழந்து, ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடல் விற்றுப் பிழைத்தவர். பக்கத்துச் சந்துக்கே 'குடல் வாசல்' என்று பெயர்.

இப்போது அங்கே இருப்பவை 19-ம் நூற்றாண்டில் எழுந்த சாதாரண வீடுகள். சந்து வாசல் மட்டும் படத்தில் இருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. கதவு சாத்தியிருந்தது, பக்கத்தில் ஒரு சைக்கிள். போனில் ஓவியத்தைப் பெரிதாக்கித் தெருவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பிக்குப் பசி வந்துவிட்டது.

"துருக்கிக் கடையில குடல் கிடைக்கும்க்கா. போறப்ப வாங்கிட்டுப் போயிருவமா?"